எண்ணெய் கொடுக்காதீங்க, சம்பந்தி!

சுங்கை பாக்காப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள், மதிய வெயிலில், என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார்.

வலது காலைத் தூக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் அந்தச் சின்ன இரும்புக் கட்டையின் மேல் இறக்குவார். வண்டி ஒரு தடவை இருமிவிட்டு அடங்கிவிடும். அவர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். பிறகு இன்னொரு மிதி. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. காது மடல்கள் சிவந்திருந்தன.

பக்கத்தில் எங்கள் சம்பந்தி நின்றார். மகளின் மாமனார், லால்குடிப் பக்கத்திலிருந்து முதல் முறையாக எங்களைப் பார்க்க பினாங்கு வந்தவர். மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் என் மகள் விட்டுப்போன இளஞ்சிவப்பு ஹெல்மெட், கையில் பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல். விருந்தாளியாக வந்த இடத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தெரியாமல் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரிகள் உழுதுபோட்ட பள்ளத்தைத் தாண்டி என் கார் வராது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, இவர்கள் இரண்டு பேரும் ஒரு சுற்று போய்த் திரும்பட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கைப்பேசியில், "வண்டி கெளம்பல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். காரைப் பூட்டினேனா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் செம்மண் பாதையில் நடந்து வந்தேன்.

"போதுங்க, விட்டுடுங்க," என்றேன்.

"இன்னும் ஒரே ஒரு மிதி லா, பிலோ."

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவருடைய இதயத்துக்குப் போகும் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரே ஒரு மிதிதான் எனக்கு வேண்டாம்.

சில நேரம் கெட்டது

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, ஃபேக்டரிக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடாதீர்கள் என்று ஒரு வாசகி சொல்லி அனுப்பியிருந்தார். முடிக்கவில்லை, அம்மா. இந்த மோட்டார் சைக்கிள் கதைக்கும் ஃபேக்டரி வேண்டும்.

பாயான் பாரு ஃபேக்டரியில் நான் இருந்தது சோதனைப் பிரிவு. வரிசையில் வரும் எலக்ட்ரானிக் போர்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டும். கெட்ட போர்டைக் கண்டு நாங்கள் யாரும் பயந்ததில்லை. எங்கே கெட்டது என்று பார்த்து மாற்றிவிடலாம். எங்களை அழவைத்தது வேறு ஒரு ரகம். சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. வாடிக்கையாளர் கையில் படுத்துவிடும். நம் மேசைக்கு வந்ததும் ஒன்றும் தெரியாத பிள்ளை போல விளக்கெரியும்.

அப்படிப்பட்ட போர்டு வந்தால் எங்கள் சூப்பர்வைசர் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "எப்பெப்ப?" காலையிலா, சாயங்காலமா? நிமிர்த்தி வைத்தாலா, படுக்க வைத்தாலா? அது தெரியாமல் கையில் எதையும் எடுக்கக்கூடாது. எடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிவிட்டு எது சரி செய்தது என்று முழித்தவர்களை அவர் திட்டும் திட்டு கேன்டீன் வரை கேட்கும்.

என் வீட்டுக்காரர் அருள்தாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவருக்கு இந்த விஞ்ஞானம் எல்லாம் கிடையாது. ஒரே நாளில் நாலு சாமானை மாற்றிவிட்டு, "இப்ப சரியாயிடும்" என்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் வாங்கியது ஒரு பழைய ஸ்கிராம்ளர். காடு மேடெல்லாம் ஏறும் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். உயரமான வண்டி. நான் பின்னால் ஏறுவதென்றால் யாராவது கொஞ்சம் தூக்கிவிட வேண்டும். பொத்தானை அமுக்கினால் கிளம்பும் வசதியெல்லாம் இல்லை, மிதித்தால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும், ஃபெர்ரியில் ஏறி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து சுங்கை பாக்காப் தோட்டப் பாதைகளில் சுற்றிவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். வரும்போது பாட்டு. முப்பது வருடம் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த மனிதர் பாடுவார் என்பதே எனக்கு அந்த வண்டி வந்த பிறகுதான் தெரியும். அதனால் சேற்றைப் பற்றி நான் அதிகம் பேசியதில்லை. துணி துவைக்கும்போது மட்டும் பேசுவேன்.

அந்த வண்டிக்கு ஒரே ஒரு வியாதி. காலையில் வீட்டு வாசலில் ஒரே மிதியில் கிளம்பும். வெளியே போய், சூடேறி, எங்காவது நிறுத்தினால் சில நேரம் திரும்பக் கிளம்பாது. எல்லா நேரமும் இல்லை. சில நேரம்.

கோயிலை மாற்றச் சொன்ன தம்பி

எங்கள் வீடு டத்தோ கெராமட் பக்கம் ஒரு லோரோங்கில், அதாவது சந்தில். இரண்டு சந்து தள்ளி நவாஸ் தம்பியின் பெங்கேல். மோட்டார் பழுது பார்க்கும் கடையை இங்கே யாரும் வேறு பெயரில் சொல்வதில்லை. நவாஸ் நல்ல பிள்ளை, கை சுத்தம், வாய் மட்டும் ஓயாது.

முதலில் பிளக்கை மாற்றினார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மூன்றாம் வாரம் பழையபடி. காற்று வடிகட்டியைக் கழுவினார். அதுவும் அப்படியே. ஒருநாள் நான் ரொட்டி வாங்கிக்கொண்டு அந்த வழியாக வரும்போது, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து சொன்னார்:

"அக்கா, இனிமே ஒரே வழிதான். கோயில மாத்தணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து ஒரே கோயிலில் ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம் எல்லாம் முடித்தவள் நான். இந்தப் பிள்ளை நம்மை எந்தக் கோயிலுக்குப் போகச் சொல்கிறது?

"ஏன் தம்பி, நம்ம கோயிலுக்கு என்ன?"

"சூடாயிடுச்சுன்னா வேல செய்யல, அக்கா. ஆறுனா செய்யுது. கோயில் ரோஸாக் ஆனா அப்படித்தான்."

ரோஸாக் என்றால் பழுது; பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயிலைத்தான் கோயில் என்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதைப் பாதிரியாரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் பாவசங்கீர்த்தனமே தடைபட்டது.

கோயிலை மாற்றியும் வியாதி போகவில்லை. நவாஸ் வண்டியை எடுத்து ஊரைச் சுற்றுவார், எஞ்சின் கொதிக்கக் கொதிக்கக் கடை வாசலில் நிறுத்துவார், உடனே மிதிப்பார். கிளம்பிவிடும். "நல்லாத்தான இருக்கு" என்று கையை விரிப்பார். ஃபேக்டரியில் நான் பார்த்த அதே போர்டு, சக்கரம் வைத்து வந்திருந்தது.

கடைசியாக அவர் சொன்ன வைத்தியம்: "சூடா இருக்கும்போது எண்ணெ குடுக்காம மிதிக்கச் சொல்லுங்க, அக்கா."

எண்ணெய்

இங்கே எண்ணெய் என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்ரோல்தான் எங்களுக்கு எண்ணெய். எஞ்சினுக்கு ஊற்றும் ஆயில், கறுப்பு எண்ணெய். சமையலுக்கு ஊற்றுவதும் எண்ணெய்தான், ஆனால் அதை யாரும் வண்டியில் ஊற்றாததால் குழப்பம் வருவதில்லை. அதோடு முடியவில்லை. வண்டியின் கைப்பிடியை முறுக்கி வேகம் கூட்டுவதற்கும் 'எண்ணெய் கொடுப்பது' என்றுதான் சொல்வோம். எண்ணெய் கொடுக்காமல் மிதி என்றால், கைப்பிடியை முறுக்காமல் மிதி. மலாய்க்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நம் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

சம்பந்தி சவரிமுத்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வந்த மறுநாள் காலை என் வீட்டுக்காரர் அவரிடம், "எண்ணெ ஊத்திக்கிட்டு வந்துர்றேன், ரெடியா இருங்க" என்று சொல்லிவிட்டு பெட்ரோல் போடப் போனார். திரும்பி வந்தபோது சம்பந்தி இடுப்பில் துண்டோடு கூடத்தில் நின்றார்.

"எனக்கும் கொஞ்சம் எண்ணெய் தேச்சுக்கலாம்னு பாத்தேன். சீயக்காய் இருக்குங்களா?"

விஷயத்தை விளக்கினோம். அவர் வெட்கப்படவில்லை. நல்ல வாத்தியார் அல்லவா, புதிய சொல்லைக் கற்றுக்கொண்ட மகிழ்ச்சிதான். அன்று முழுவதும் சாலையில் போகும் பெட்ரோல் நிலையங்களை எல்லாம் கைகாட்டி, "எண்ணெய்! எண்ணெய்!" என்று எனக்குப் பாடம் ஒப்பித்துக்கொண்டு வந்தார். எண்ணெய் என்றால் பெட்ரோல் என்பது வரை படித்துவிட்டார். எண்ணெய் கொடுப்பது என்ற அடுத்த பாடத்தை யாரும் நடத்தவில்லை.

ஃபெர்ரியில் போட்ட ஒப்பந்தம்

ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் சொன்னது தெளிவாக இருந்தது. வண்டி ஓட்டலாம், மூச்சு முட்டும் வேலை வேண்டாம். என் வீட்டுக்காரர் முதல் பாதியைக் காதில் வாங்கினார். நான் இரண்டாம் பாதியை வாங்கினேன்.

மீண்டும் வண்டியை எடுத்த முதல் ஞாயிறு, நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஃபெர்ரியில் எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். கடல் காற்று நன்றாக இருந்தது. மறுகரை வந்து கதவு திறந்ததும் எங்களுக்குப் பின்னால் இருந்த அத்தனை வண்டிகளும் உறுமின. எங்கள் வண்டி மட்டும் இருமியது.

அவர் மிதிக்க ஆரம்பித்தார். பின்னால் ஹாரன். ஃபெர்ரி ஆள் கையை ஆட்டிக் கத்துகிறார். நான் கீழே இறங்கி, "எண்ணெ குடுக்காம மிதிங்க! எண்ணெ குடுக்காம!" என்று கத்துகிறேன். அவர் கைப்பிடியை விட்டுவிட்டுத்தான் மிதித்தார். பிரயோசனம் இல்லை. ஆறாவதோ ஏழாவதோ மிதியில் அவர் உதடு வெளுத்ததைப் பார்த்தேன். யாரோ ஒரு சீனப் பையனும் நானுமாக வண்டியைத் தள்ளிக் கரை சேர்த்தோம்.

அங்கேயே, பட்டர்வொர்த் வெயிலில் நின்று, ஒப்பந்தம் போட்டேன்.

"இன்னொரு தடவ இது சூட்டுல இப்படிப் பண்ணுச்சுன்னா, வித்துடணும். சரியா?"

"சின்ன ரோஸாக் லா, பிலோ."

"சரியா, இல்லையா?"

"சரி," என்றார். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைப்பது போல ஒரு சரி.

எனக்கு வண்டி மேல் கோபம் இல்லை. அது போய்விட்டால் பாட்டும் போய்விடும் என்று தெரியும். ஆனால் நடுக்காட்டில் மிதித்து மிதித்து இந்த மனிதர் விழுந்தார் என்ற செய்தி ஒருநாள் எனக்குக் கைப்பேசியில் வரும் என்ற பயம், சோறு வடிக்கும்போதும் கூடவே நின்றது.

சம்பந்தியைத் திருத்தக்கூடாது

சம்பந்தி வந்த மூன்றாம் நாள், மரியாதைக்கு, "வண்டி கம்பீரமா இருக்குங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளே அவருக்குத் தோட்டம் சுற்றிக்காட்டும் திட்டம் தயார். நான் காரில் பின்னால் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன், ஒப்பந்தத்தின் காவலாளியாக.

தோட்டத்துக்குள் ஒரு நிழலில் வண்டியை நிறுத்தி, பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலையை எப்படி வெட்டுவார்கள் என்று இவர் விளக்கியிருக்கிறார். தலைமை ஆசிரியர் அல்லவா, கேள்வி மேல் கேள்வி. அரை மணி நேரம் பாடம் நடந்திருக்கிறது. பிறகு மிதித்தால் வண்டி இருமியிருக்கிறது.

அந்த இடத்துக்குத்தான் நான் நடந்து வந்து சேர்ந்தேன்.

"வண்டிய இங்கயே விட்டுட்டு வாங்க. என் காடியில போயி நவாஸ கூட்டிக்கிட்டு வரலாம்."

"சம்மந்திய கூட்டிக்கிட்டு வந்துட்டு, நடந்தா போவாங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மறுபடியும் காலைத் தூக்கினார்.

அப்போது சம்பந்தி போத்தலைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"நீங்க கொஞ்சம் நிழல்ல உக்காருங்க சம்பந்தி. நான் ஒரு தடவ முயற்சி பண்றேன். எங்கூர்ல இருபது வருஷம் மொபெட்டு வச்சிருந்தேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கூடப்பிறந்தவன் என்றால், "நீ தள்ளு" என்று சொல்லிவிடலாம். சம்பந்தி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். என் வீட்டுக்காரர் இறங்கி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். என் உயிர் பாதி திரும்பியது.

சம்பந்தி வேட்டியை இன்னும் உயர்த்திக் கட்டி வண்டியில் ஏறினார். உயரம் பயமாக இருந்திருக்க வேண்டும். கைப்பிடியை விட்டால் விழுந்துவிடுவோம் என்பது போல இறுக்கிப் பிடித்தார். பிடித்த பிடியில் கைப்பிடி முழுவதும் முறுக்கிக்கொண்டது.

"எண்ணெ குடுக்காதீங்க, சம்மந்தி!" என்று கத்தினேன்.

"சரிங்கம்மா," என்றார் பணிவாக. குனிந்து, தொட்டிக்கு அடியில் தடவி, பெட்ரோலைத் திறந்து மூடும் சின்னத் திருகைக் கண்டுபிடித்து, அதை மூடினார். கைப்பிடி முறுக்கியது முறுக்கியபடியே இருந்தது.

நான் சொன்னது ஒன்று, அவர் செய்தது நேர் எதிர். முறுக்காதே என்றேன், முழுதாக முறுக்கியிருந்தார். பெட்ரோலை மூடச் சொல்லவே இல்லை, மூடிவிட்டார். என் வீட்டுக்காரர் இதைச் செய்திருந்தால் நான் போட்ட சத்தத்தில் செம்பனைக் குலை விழுந்திருக்கும். ஆனால் சம்பந்தியை எப்படித் திருத்துவது? பெண்ணைக் கொடுத்த வீடு நாங்கள்.

அவர் மிதித்தார். இருமல். மிதித்தார். பெரிய இருமல். மூன்றாவது மிதியில் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி அலறியது. சம்பந்தியும் கூடவே அலறினார்.

பொய்க் குற்றவாளி

சந்தோஷம் ஒரு நிமிடம்தான். வண்டி விக்கி, விக்கி, நின்றுவிட்டது.

"நான் ஏதும் தப்பா பண்ணிட்டனா?" என்றார் சம்பந்தி. "எண்ணெய் கொடுக்க வேண்டாம்னீங்க. அதான் மூடிட்டேன்."

என் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூப்பர்வைசர் அம்மா பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. இத்தனை மாதத்தில் யாரும் மாற்றாத ஒன்றை இந்த மனிதர் மாற்றியிருக்கிறார்.

"ஏங்க, வீட்டுல வண்டிய நிறுத்துனா அந்த பைப்ப மூடுவீங்கதான?"

"மூடாம? நீதான எண்ணெ வாட அடுப்படிக்கு வருதுன்னு கத்துவ."

"வெளிய நிறுத்துனா?"

"வெளிய எதுக்கு மூடணும்?"

அவ்வளவுதான் விஷயம். எப்பெப்ப என்ற கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வீட்டில் இரவெல்லாம் நின்றாலும் பெட்ரோல் மூடியிருக்கும், அதனால் காலையில் கிளம்புகிறது. வெளியே திறந்தே இருக்கிறது. நவாஸ் சோதித்தபோது நிறுத்தியதும் உடனே மிதித்தார், கிளம்பியது. ஃபெர்ரியிலும் இங்கேயும் நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது, கிளம்பவில்லை. நிற்கும் நேரத்தில் பெட்ரோல் எங்கோ கசிந்து எஞ்சினுக்குள் இறங்கித் தேங்குகிறது, அளவு மீறினால் பற்றுவதில்லை. சூடான வண்டிதான் படுத்தது என்பதால் நாங்கள் எல்லோரும் சூட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தோம். சூடு ஒரு பாவமும் செய்யவில்லை.

பெட்ரோலை மூடி, கைப்பிடியை முழுக்க முறுக்கி மிதித்தால், உள்ளே தேங்கியது காற்றோடு வெளியே போய்விடும். சம்பந்தி செய்தது அதைத்தான்.

"நீங்க எறங்க வேணாம் சம்மந்தி. இப்ப பைப்ப தொறங்க. கொஞ்சம் பொறுத்து ஒரு மிதி மிதிங்க," என்றேன்.

கிளம்பியது. இந்த முறை நிற்கவில்லை.

மறுநாள் நவாஸ் கார்புரேட்டரைக் கழற்றினார். கழிவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பந்து மிதந்து, நிறைந்ததும் தண்ணீரை அடைக்கும் அல்லவா? பெட்ரோலுக்கும் அதே ஏற்பாடு உள்ளே இருக்கிறது. அடைக்க வேண்டிய ஊசியின் முனை தேய்ந்து, சுற்றிலும் ஒரு கோடு விழுந்திருந்தது. ஓடும்போது எஞ்சின் குடித்துவிடுவதால் கசிவது தெரிவதில்லை.

"கோயில் நல்ல கோயில்தான்க்கா," என்றார் நவாஸ், தலையைச் சொறிந்துகொண்டு.

சம்பந்தியிடம், நீங்கள்தான் பழுதைக் கண்டுபிடித்தீர்கள் என்று சொன்னோம். அது பொய்யும் இல்லை. எண்ணெய் கொடுப்பது என்றால் என்ன என்ற பாடத்தை இன்று வரை அவருக்கு நடத்தவில்லை.

சனிக்கிழமை மத்தியானம்

சம்பந்தி ஊருக்குப் போன வாரம். என் வீட்டுக்காரர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊசி மாற்றிய பிறகு நானே பல தடவை பார்த்துவிட்டேன். ஓட்டிச் சூடேற்றி, பெட்ரோலைத் திறந்தே வைத்து, ஒரு குளியல் போட்டுவிட்டு வந்து மிதிக்கச் சொன்னால் ஒரே மிதி. மனசு லேசாக இருந்தது.

"நாளைக்கு சுங்கை பாக்காப் போறீங்களா?"

"வித்துடலாம்னு பாக்குறேன்," என்றார்.

நான் ஒப்பந்தத்தை நினைத்துச் சொல்கிறார் என்று எண்ணினேன். "அதான் சரியாயிடுச்சே! ஒப்பந்தமெல்லாம் நான் கேக்கல."

துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

"பயமா இருக்கு, பிலோ."

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட அவர் வாயிலிருந்து வராத வார்த்தை.

"அன்னைக்கு நீ விடு விடுன்னு சொல்லியும் நான் விடல. சம்மந்தி முன்னாடி மானம் போயிடும்னு மிதிச்சேன்னு நெனச்சியா? ஃபெர்ரியில யாரு சம்மந்தி? வண்டி கெளம்பணும்னு மிதிக்கல. வலிக்குதான்னு பாக்க மிதிச்சேன். ஒரு மிதி மிதிப்பேன், வலிக்காது. சரி, இன்னொன்னு பாப்போம்னு தோணும். டாக்டர் நல்லாயிருக்குன்னு சொல்லுறாரு. எனக்கு நம்பிக்கை வரல. இப்ப ஒரே மிதியில கெளம்பிடுது, வலிக்குதான்னு பாக்க முடியல. போற வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா?"

பாவம் என்று முதலில் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது.

"வலிச்சுச்சா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட இல்ல."

"அத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? ஒவ்வொரு மிதிக்கும் நீங்க வலிக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டீங்க. பக்கத்துல நின்னு ஒவ்வொரு மிதிக்கும் நான் உங்கள அடக்கம் பண்ணிக்கிட்டிருந்தேன்!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பக்கத்தை அவர் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. துணியை வண்டி மேல் போட்டுவிட்டு வந்து, ஈரக்கையோடு என் தோளைப் பிடித்தார். அழுகை வந்தது, அழுதேன். அவரும்.

அந்த ஞாயிறு வண்டி வெளியே போகவில்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஓடும் பட்டையின் மேல் நடக்கவிட்டுப் பார்த்தார். மிதித்த கதை முழுவதையும் நானே சொன்னேன். டாக்டர் இவரைக் கொஞ்சம் முறைத்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, தாராளமாகப் போகட்டும், சந்தேகம் வந்தால் சோதிப்பது தன் வேலை என்றார்.

வெளியே வந்ததும் புது ஒப்பந்தம் போட்டேன். வலித்தாலும் சொல்ல வேண்டும், வலிக்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும். எனக்குக் கேட்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு, முதல் பூசை முடிந்து வந்து ஹெல்மெட்டை மாட்டினார். நான் வாசலில் நின்றேன். காலைத் தூக்கி ஒரே மிதி. வண்டி கிளம்பியது. லோரோங் முழுக்க உறுமல். அவர் என் பக்கம் திரும்பி, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார்:

"வலிக்கல!"

எதிர்வீட்டு லெட்சுமி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். "என்னக்கா, அண்ணனுக்கு என்னாச்சு? என்ன வலிக்கலயாம்?"

இரண்டு கையையும் வாயருகே குவித்து என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன்:

"கேக்கல! இன்னும் சத்தமா!"